ஏறாத பஸ்

நோர்வூட்
05.01.2025

அன்பு அக்கா பெற்றீசியாவுக்கு,

தங்கை நிரோஜினியின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். என் கணித பாடம் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. பண்டாரவளைக் குளிரில் நீயும், நீ சொல்லாமல் கொண்டுபோன என் ஸ்வெட்டரும் சுகமா? பிறந்த நாளிலிருந்து எனக்கு நீ சிஸ்டர். இனி ஊருக்கே சிஸ்டர் ஆகப் போகிறாய். மரியாதையாக எழுதுவோமா என்று யோசித்தேன். யோசித்ததோடு சரி. உங்கள் கன்னியர் மடத்தில் போன் கூடாது, கடிதத்தைக்கூட மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார் என்றாயே. வணக்கம் மதர்! இதில் ஒன்றும் இல்லை, பயப்படாமல் படியுங்கள்.

அக்கா, நம் வீட்டு மானம் ஹட்டனுக்கு பஸ் ஏறப் போகிறது.

மே மாதம் கல்யாண நாள் வந்தால் நம் வீட்டில் என்ன கூத்து நடக்கும் என்று உனக்குத் தெரியாததா? அப்பா கல்யாணக் கோட்டை மாட்டிக்கொள்வார். அம்மா கூறைச் சேலையை உடுத்திக்கொள்வார். இருவரும் ஏதாவதொரு பஸ் ஹோல்ட்டில் போய் விறைப்பாக நிற்பார்கள். எதிரே ஸ்டாண்டில் கேமரா. அதை அழுத்தும் வயர் அம்மாவின் சேலைக் கொசுவத்துக்குள். பஸ் வரும், நிற்கும், கண்டக்டர் கத்துவார், இவர்கள் ஏறமாட்டார்கள். அது கிளம்பிப் போகும்போதுதான் அம்மா அழுத்துவார். எப்போது அழுத்துவார் என்று அப்பாவுக்கே தெரியாது. “நான் கண்ணு, ஒங்கம்மா தலை. ஏறாததுதான் படம்” என்பார். நாம் இரண்டு பேரும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா?

போன மாதம் கொழும்பு மிஸ் ஒருவர் மழைக்கு நம் ஸ்டூடியோவில் ஒதுங்கினார். சுவரில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டு, இது சமகாலக் கலை என்றாராம். எனக்கு இது சனிகாலக் கலை. பெப்ரவரியில் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. எங்கள் சித்திர டீச்சர் முழு வகுப்பையும் கூட்டிப்போகிறாராம். என் வகுப்புத் திலக்ஷன் இப்போதே பள்ளிக்கூட கேட் வாசலில் துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, “மாமா, பஸ் வரலியா மாமா?” என்கிறான். சிரிக்காதவர் யாரும் இல்லை. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அழுகிறேன் என்று தெரிந்துவிடுமே.

எனக்காக ஒரு மழை கேட்டு ஜெபம் செய். மண்டபம் மூழ்கும் அளவு போதும்.

உன் தலைவலித் தங்கை,
நிரோ


பண்டாரவளை
19.01.2025

அன்பின் நிரோவுக்கு,

ஆண்டவர் உங்கள் எல்லோரையும் நலமாக வைத்திருக்க வேண்டுகிறேன். நான் சுகம். ஸ்வெட்டரும் சுகம், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. அம்மாவுக்கு அந்த இருமல் நின்றுவிட்டதா? பனியில் கொழுந்துக்குப் போகும்போது தலைக்குத் துணி கட்டச் சொல்.

நாம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்ததை நான் மறக்கவில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அந்தப் படங்களை நீ எப்போதாவது முதலிலிருந்து வரிசையாகப் பார்த்திருக்கிறாயா? பார். அம்மாவிடம் ஒன்றும் கேட்காதே. இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு முடியாது.

படி. கணிதத்துக்கும் சேர்த்தே ஜெபிக்கிறேன்.

அன்பு அக்கா,
பெற்றீசியா


நோர்வூட்
02.02.2025

மடத்து மாடத்தில் எரியும் விளக்கே, அக்கா,

சுகமா? நாங்கள் சுகம். அம்மாவின் இருமல் போய்விட்டது. உன் கடிதம் தோட்டத்து ஒப்பீஸில் கிடந்து, கிளாக்கரின் டீ கோப்பை வட்டத்தை முத்திரையாக வாங்கிக்கொண்டு வந்தது. வரிசையாகப் பார்க்க வேண்டுமாம்! ஒன்றைப் பார்த்தாலே காது சிவக்கிறது, வரிசையாக வேறா?

அதைவிடு. கண்காட்சிப் பெனர் வந்துவிட்டது அக்கா! வயிறு வலிக்க இங்கேயே சிரித்துக்கொள். கொழும்பு மிஸ் வடிவமைத்தது. கறுப்பு வெள்ளையில் அப்பாவும் அம்மாவும் நேராக, சிரிப்பில்லாமல். மேலே ‘மேர்வின் – றொசானா’. கீழே ‘2004 – 2024’. அதற்கும் கீழே, எறும்பு படிக்கிற எழுத்தில், புகைப்படக் கண்காட்சி. இப்படி ஒரு பெனரை நம் ஊரில் எதற்கு அடிப்பார்கள்? சொல்லு! “கண்ணீர் அஞ்சலி” மட்டும்தான் குறை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது தோன்றவே இல்லை. “எவ்ளோ அழகா இருக்கு” என்று தடவித் தடவிப் பார்க்கிறார்கள்.

பெனர் கடை துஷாந்த் இதை ஸ்டூடியோவுக்கு முன்னால் கட்ட வேண்டும். கட்டுவான். பிறகு நானும் சித்தப்பா மகன் மதுரனும் அவிழ்த்துப் போய்ச் சந்தியில் அந்த லைட் போஸ்டில் கட்டுவோம். எந்தப் போஸ்ட் என்று உனக்குத் தெரியும். தேர்தல் காலம் தவிர, உயிரோடு இருப்பவர் யாரும் அதில் தொங்கியதில்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளைக்கொடி. ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றப்போவதில்லை. ஊர் ஒரு நாள் சிரிக்கும், அப்பா வெட்கப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார், என் வகுப்பு ஹட்டனுக்குப் போகாது. எப்படி என் திட்டம்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாள் குறித்திருக்கிறேன். ஆசீர்வதி.

குறும்புக்குக் குறைவில்லாத,
நிரோ


நோர்வூட்
09.02.2025

அக்காவுக்கு,

நலமா? நாங்கள் நலம். உண்மையாகவே நலம், ஊர் நம்பாவிட்டாலும்.

வெள்ளிக்கிழமை கட்டினோம். சனிக்கிழமை காலையில் லயத்துக் கோடி வீட்டிலிருந்து ஒரு மாமி சீனியும் தேயிலையுமாக அழுதுகொண்டே வந்தார். வாசலில் அம்மா உடுப்பு அலசிக்கொண்டிருந்தார்.

“ஆத்தாடி! நீ செத்துட்டேல்ல?”

“நேத்து வரைக்கும் இல்லீங்களே மாமி. உள்ள வாங்க, நீங்க கொண்டாந்த சீனியிலயே டீ போடுறேன்.”

அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு பூண்டுலோயா மாமா போனில் ஒப்பாரி. அப்பாவே எடுத்து, “பொணந்தான் பேசுறேன், சொல்லுங்க மச்சான்” என்றார். யாரோ பெனரைப் போனில் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார்களாம். ஆழ்ந்த அனுதாபங்கள் மட்டும் குவிந்து கிடந்தன. அப்பா சந்தியில் அதைக் கழற்றிவிட்டு ஸ்டூடியோவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். எல்லாம் நான் நினைத்தது போலவே நடந்தது.

பின்னேரம் ஒரு வேன் வந்தது.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். கை வலிக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

நிரோ


பண்டாரவளை
11.02.2025

அன்பின் நிரோவுக்கு,

நீ 2ஆம் திகதி எழுதியது இன்றுதான் கிடைத்தது. சுகம் விசாரிக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை போய்விட்டது என்று தெரியும். ஆனாலும் உனக்கு மழை பெய்திருக்கும், மதுரன் வராமல் இருந்திருப்பான் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். செய்யாதே. வேறு யார் சிரித்தாலும் பரவாயில்லை, அந்தச் செய்தி உடப்புசல்லாவைக்கு மட்டும் போகக்கூடாது. கட்டியிருந்தால் இதைப் படித்த உடனே அவிழ்த்துவிடு.

இப்படிச் செய்வாய் என்று தெரிந்தும் நான் உனக்கு எதையும் சொல்லி வைக்கவில்லை.

அக்கா


நோர்வூட்
02.03.2025

அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இவ்வளவு நாள் எழுதாததற்குப் பரீட்சை காரணம் என்று எழுதி வெட்டினேன். காரணம் அதில்லை.

அந்த வேன் உடப்புசல்லாவையிலிருந்துதான் வந்தது. பாதை முடக்கில் திரும்பும்போதே தப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் அடித்த தப்பு அது. என்னுடையது வேறு. லயமே வாசலுக்கு வந்துவிட்டது. நான் படிக்கட்டில் ஏறி நின்று போனில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இறங்கியவர் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு வயதானவர். இரண்டு கையிலும் ஏந்தினாற்போல ஒரு பார்சல். முகமெல்லாம் நனைந்திருந்தது. அம்மா சவர்க்கார நுரைக் கையோடு வெளியே வந்தார். தப்பு பாதி அடியில் நின்றது.

“மீனம்மா” என்றார் அவர். அம்மாவுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

“அப்பா. வாங்கப்பா.”

“உசுரோடதான் இருக்கியா?”

“இருக்கேன்ப்பா. உள்ள வாங்க. டீ போடுறேன்.”

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார் அக்கா. நான் பார்த்தேன், எடுத்து வைத்தார். அப்போது கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவர் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் அவருடைய அழுத முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துண்டால் முகத்தை மூடினார். பார்சலைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டு, “வண்டிய எடு” என்றார். அவ்வளவுதான். டீத்தண்ணி கொதித்து வற்றிப் போனது.

பார்சலில் சிவப்புச் சேலை இருந்தது. மகள் செத்தால் பொறந்த வீட்டிலிருந்து பிணத்துக்குப் போர்த்துகிற கோடியாம். எரித்துவிடச் சொன்னார் சித்தி. அம்மா அதை மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

அப்பா கண்காட்சியை நிறுத்திவிட்டார். இந்த வருஷம் படமும் இல்லை. “வருவேன்னு சொன்னவரு வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. இனி நாங்க எங்க போய் நிக்கணும்?” என்றார் அம்மா.

நான் கேட்டது எல்லாமே கிடைத்துவிட்டது.

நிரோ


பண்டாரவளை
12.03.2025

அன்பின் நிரோவுக்கு,

நலமாக இரு. முதலில் ஒழுங்காகச் சாப்பிடு. மதரிடம் எல்லாம் சொல்லி, வீட்டு விஷயத்தை வெளிப்படையாக எழுத அனுமதி வாங்கினேன். இதை அவர் பிரிக்கமாட்டார்.

மடத்துக்கு வருவதற்கு முதல் நாள் அம்மா எனக்குச் சொன்னது இது. அந்தத் தாத்தாவின் பெயர் செல்லசாமி. அம்மா கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாயி இறந்துவிட்டார். தனியாளாக வளர்த்த மகள். அவள் ஸ்டூடியோக்கார வேதப் பையனைக் கட்டிக்கொண்டு, மாதா கோயிலுக்கு மாறி, பெயரும் றொசானா என்று மாறி நோர்வூட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாணத்துக்குக் கூப்பிடப் போனபோது, “நீ செத்தாத்தான் உன் வாசல்ல கால் வைப்பேன்” என்றாராம். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வந்தார்.

இப்போது படங்களை வரிசையாகப் பார். முதல் படம் நோர்வூட். பிறகு டிக்கோயா, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, கந்தப்பளை. போன வருஷம் இராகலை தாண்டிவிட்டது. கொரோனா வருஷத்தில் மட்டும் பஸ் இல்லாமல் நம் வாசலிலேயே நின்றார்கள். அந்தப் படத்தில் அம்மாவின் கண்ணைப் பார். ஒவ்வொரு கல்யாண நாளும் அம்மா கொஞ்சம் கிட்டப் போவார், ஏறவேண்டிய பஸ்ஸில் ஏறாமல் திரும்பி வருவார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஹோல்ட். அம்மாவால் வாயால் கேட்க முடியாததை இரண்டு பேரும் சேர்ந்து இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதை உன்னிடம் மறைத்தவள் நான். என் வெட்கமும் உன்னுடையதில் பாதி.

அக்கா


நோர்வூட்
30.03.2025

அக்காவுக்கு,

சுகமா? அம்மாவும் அப்பாவும் சுகம். ஒரே வீட்டில் தனித்தனியாகச் சுகம்.

அப்பா ஸ்டூடியோவில் இல்லாத நேரம் படங்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நீ சொன்ன கண்ணையும் பார்த்தேன். அதற்குப் பிறகு திலக்ஷன் கேட் வாசலில் முந்தானை போட்டான். “சரியா நிக்கத் தெரியலடா ஒனக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் துண்டை எடுத்துவிட்டான்.

இன்னொன்று. பெனர் இடம் மாறியதற்கு துஷாந்த்தான் காரணம் என்று அப்பா அவனைக் கடையில் வைத்து ஏசிவிட்டார். அவன் இல்லை இல்லை என்று அழுதானாம். நேற்று அப்பாவிடம் போய், “அது நான்” என்றேன். அப்பா கேமரா லென்ஸைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“ஒங்கம்மாவுக்கு அன்னைக்கே தெரியும்.”

“எப்படி?”

“வெள்ளக்கொடிய எதுல கட்டுன?”

என் பாடசாலை ரிபனில் கட்டியிருந்தேன் அக்கா. வேறு கயிறு கிடைக்கவில்லை. அவிழ்க்க மறந்துவிட்டேன். ஆனால் வேன் வந்ததற்கு மறுநாள், ரிபன் இரண்டும் துவைத்து, அயர்ன் பண்ணி, என் வெள்ளைச் சட்டைக்கு மேலே இருந்தன. அதைத்தான் இத்தனை நாளும் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பாவும் நானும் போய் துஷாந்த்திடம் மன்னிப்புக் கேட்டோம்.

தாத்தாவின் முகவரி உனக்குத் தெரிந்தால் அனுப்பு.

நிரோ


நோர்வூட்
13.04.2025

மதிப்புக்குரிய செல்லசாமி தாத்தா அவர்களுக்கு,

உங்கள் மகள் மீனம்மாவின் இளைய மகள் நிரோஜினி வணங்கி எழுதுவது. உங்கள் உடம்புக்குச் சுகம் எப்படி? முகவரி அக்கா தந்தாள்.

நீங்கள் என்னைக் கவனித்திருக்க மாட்டீர்கள். படிக்கட்டில் போனோடு நின்றது நான். பெனரைச் சாவுப் போஸ்டில் கட்டியது நான். கட்டும்போது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அது தெரியாது. அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. அன்று நீங்கள் உள்ளே வர ஓர் அடி வைத்தபோது சிரித்ததும் நான்தான். வேறு யாரும் இல்லை. அக்காவுக்குக்கூட, யாரோ என்றுதான் எழுதினேன்.

போனில் இருந்ததை அழித்துவிட்டேன். என் காதில் அந்தச் சிரிப்பு அழியவில்லை.

மே 14 அவர்களின் கல்யாண நாள். உங்கள் ஊர் ஹோல்ட்டில் வந்து நிற்கக்கூடும். இந்த வருஷம் இல்லை என்றுதான் அம்மா சொல்கிறார். வந்தால், நீங்கள் பேச வேண்டாம். அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் போங்கள்.

பதில் எழுதத் தேவையில்லை. குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரோஜினி


பண்டாரவளை
24.04.2025

அன்பின் நிரோவுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். வீட்டில் எல்லோரும் நலமா? தாத்தாவிடமிருந்து ஏதாவது வந்ததா?

நான் இங்கே வந்த முதல் வாரம் எல்லோரும் வீட்டுப் படம் காட்டினார்கள். நான் அப்பாவை ஸ்டூடியோவிலும் அம்மாவை மாதா கோயில் வாசலிலும் தனித்தனியாகக் காட்டினேன். ஹோல்ட் படம் ஒன்றும் கொண்டுவந்திருந்தேன். பெட்டிக்கு அடியில் கிடந்தது. நேற்று அதை எடுத்து மேசையில் வைத்தேன். மதர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவங்க யாருக்காகக் காத்திருக்காங்க?” என்று கேட்டார்.

அக்கா


நோர்வூட்
18.05.2025

அன்பு அக்காவுக்கு,

சுகமா இரு. இங்கே எல்லோரும் சுகம். இந்த முறை சும்மா எழுதவில்லை.

தாத்தாவிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. தினமும் ஒப்பீஸ் கிளாக்கரைக் கேட்டு அவரே என்னைப் பார்த்தால் ஒளிய ஆரம்பித்துவிட்டார். 13ஆம் திகதி இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடிதம் போட்டதையும். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

காலையில் அறைக் கதவு திறந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். அம்மா உடுத்தியிருந்தது கூறைச் சேலை இல்லை. அந்தச் சிவப்புச் சேலை.

“றொசானா, அது பொணத்துக்குக் கொண்டாந்தது.”

“எனக்குக் கொண்டாந்ததுங்க. எங்கப்பா எனக்கு எடுத்துக் குடுத்த ஒரே சேலை. நீங்க கோட்டப் போடுங்க.”

பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன், ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டு. நுவரெலியாவில் வெசாக் பண்டிகை விளக்குக் கூடுகள் இன்னும் நனைந்துகொண்டு தொங்கின. உடப்புசல்லாவை ஹோல்ட்டில் நான்தான் கடைசியாக இறங்கினேன். எதிர்ப்பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. வாசல் வாங்குப் பலகையில் வெள்ளை வேட்டியோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். எழுந்தார். போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை, சடாரென்று கடைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

இவர்கள் பாதைக்கு முதுகைத் திருப்பி, கேமராவைப் பார்த்து நின்றார்கள். பின்னால் பஸ் வந்தது, கடையை மறைத்தது, கிளம்பியது. வழக்கமாக அதோடு அழுத்திவிடும் அம்மா அழுத்தவில்லை. பஸ் முழுதாகப் போய்ப் பாதை வெறுமையானது. பிறகுதான் அழுத்தினார்.

ஸ்டாண்டை மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் செருப்புச் சத்தம்.

“யாரு, சிரிச்ச புள்ளையா?”

ஆமாம் அக்கா, அன்று களுக்கென்று சிரித்தது நான்தான். தலை நிமிர முடியவில்லை.

“எங்க, இப்ப சிரி பாப்போம்.”

முடியவில்லை. அவர் என் ரிபனைப் பிடித்து மெல்ல ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கடையைப் பார்த்துக் கத்தினார்: “தம்பி, நாலு பிளேன்டீ!”

அப்பாவின் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் சீனிப் போத்தலை அப்பா பக்கம் நகர்த்தி வைத்தார். நானும் டீயைச் சூட்டோடு விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டேன். குறும்புக்காரிக்கு வேண்டியதுதான்.

கண்காட்சி ஜூனில் நடக்கும். புதுப் பெனரில் ‘2004 –’ என்று மட்டும் போட்டால் போதும், முடிகிற வருஷம் வேண்டாம் என்பது அம்மாவின் உத்தரவு. ஸ்டூடியோ வாசலில் நானே கட்டப்போகிறேன், கயிற்றால்.

நேற்று அப்பா படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் இவர்கள் இருவரும், பின்னால் கடையும் அந்த முதுகும். “மாமா திரும்பி நிக்கிறாரே. வெட்டிடவா?” என்று கேட்டார்.

அம்மா கிட்டப் போய், ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, திரையில் அந்த முதுகைத் தொட்டார்.

“வேணாங்க. வெக்கப்படுறாரு. அப்படியே நிக்கட்டும்.”

உன்,
நிரோ